போன ஆடிவேலுக்குப் பிறகு

வெள்ளவத்தையில் யாருக்கும் எதுவும் களவு போவதில்லை. தொலைந்துதான் போகிறது. கைப்பேசி பஸ்ஸில் விடுபடுகிறது, காசுப்பை சந்தையில் விழுகிறது, தோடு தானாகக் கழன்று எங்கேயோ போய்விடுகிறது. இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. தொடர்மாடி தொடர்மாடியாக ஏறி இறங்கி, கதவைத் தட்டிக் கேட்டு, அவர்கள் சொன்னதைப் பதிந்தவள் நான்.

என் வேலை குற்றங்களை எண்ணுவது. அப்படிச் சொன்னால் ஆட்கள் என்னைப் பொலிஸ்காரி என்று நினைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போவார்கள். அதனால் 'சர்வே' என்று மட்டும் சொல்வேன். ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்தில் பல வருடமாக இதைத்தான் செய்கிறேன். முதலில் வீடு வீடாகப் போனேன். இப்போது மேற்பார்வையாளர், புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் நான்தான்.

ஒரு நாட்டில் எவ்வளவு குற்றம் நடக்கிறது என்பதை இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒன்று, பொலிஸ் நிலையங்களில் பதிவான முறைப்பாடுகளையெல்லாம் கூட்டிச் சனத்தொகையால் பிரிப்பது. செய்தியில் "குற்றங்கள் குறைந்துள்ளன" என்று சொல்கிறார்களே, அது அந்தக் கணக்கு. மற்றது எங்களுடையது. பொலிசுக்குப் போனவரும் போகாதவரும் வீடுகளில்தானே இருக்கிறார்கள். ஆகவே வீட்டுக்கே போய், கடந்த பன்னிரண்டு மாதத்தில் உங்களுக்கோ உங்கள் வீட்டில் இருக்கிற வேறு எவருக்கோ ஏதும் நடந்ததா என்று கேட்பது. இரண்டு கணக்குக்கும் நடுவே உள்ள பள்ளம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

பாமன்கடையில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் இருந்தார். களவு, வழிப்பறி, அடிதடி என்று நான் எதைக் கேட்டாலும் "ஒண்டும் இல்லை" என்றார். நானும் பதிந்து, டெப்பை மூடிப் பைக்குள் வைத்தேன். எங்கள் கேள்விகள் எல்லாம் அந்தச் சிலேட்டளவு கணினிக்குள்தான் இருக்கும். அதை மூடி அனுப்பிவிட்டால் பிறகு ஒரு சொல்லும் சேர்க்க முடியாது. அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டு வந்தார்.

"பின்ன உங்கடை போனுக்கு என்ன நடந்தது?" என்று கணவரைக் கேட்டார்.

"அது துலைஞ்சது."

"துலைஞ்சதோ? ரெண்டு பேர் தள்ளி விழுத்திப்போட்டுப் பறிச்சுக்கொண்டு போனதெல்லே? முழங்கை இன்னும் மாறேல்லை."

"பொலிசிலை துலைஞ்சதெண்டுதான் எழுதினது. விடுமன்," என்றார் அவர்.

அவர் பொய்யர் இல்லை. தொலைந்தது என்று சொன்னால் பொலிசில் உடனே எழுதி, முறைப்பாட்டுப் பிரதியைக் கையில் தந்து அனுப்பிவிடுவார்கள். அந்தப் பிரதி இருந்தால் புது சிம் எடுக்கலாம், புது அடையாள அட்டை எடுக்கலாம். பறித்தார்கள் என்று சொன்னால் கதை வேறு. எந்த இடம், எத்தனை பேர், எப்படி முகம் என்று கேட்பார்கள். யாரையாவது பிடித்துவிட்டால் அடையாளம் காட்டப் போகவேண்டும். அதன்பிறகு புதுக்கடை நீதிமன்றம், தவணை, இன்னொரு தவணை. அந்த மனிதர் சுருக்கமான வழியால் போனார். எங்கள் சனம் முழுக்க அந்த வழியால்தான் போகிறது. டெப்பை மூடிய பிறகுதான் எங்கள் சனத்துக்கு வாய் திறக்கும் என்று நான் பயிற்சியில் சொல்வது இதனால்தான். நாங்கள் கதவடியில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, லிஃப்ட் வரும்வரை பேச்சுக்கொடுக்கும்போது சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொள்ளலாம், எண்ண முடியாது.

நகரத்தின் மற்றக் கோடியில், மீனவர்கள் இருக்கிற முகத்துவாரத்தில் நிலைமை தலைகீழ். அங்கே ஒரு பெண், மீன் வெட்டிக்கொண்டே, எனக்கு மூச்சுவிட நேரம் தராமல் சொல்லிக்கொண்டு போனார். வலை அறுத்தது, சைக்கிள் எடுத்தது, பக்கத்து வீட்டுக்காரன் கல்லெறிந்தது எல்லாவற்றுக்கும் பொலிசுக்குப் போயிருந்தார்.

"எல்லாத்துக்கும் போவீங்களா?" என்றேன்.

"வேற எங்க மிஸ் போறது?" என்றார்.

அதனால் பொலிஸ் கணக்கில் முகத்துவாரம் பொல்லாத இடமாகவும் வெள்ளவத்தை சாதுவான இடமாகவும் வரும். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தொடர்மாடி ஆட்கள் "எங்கடை பக்கம் பரவாயில்லை" என்று தலையாட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதாவது, முன்பு வரும். போன வருடத்துக்குப் பிறகு எனக்கு எதுவும் அவ்வளவாகப் பற்றுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பன்னிரண்டு மாதம் என்றால் யாருக்கும் பிடிபடாது. மனதில் பட்ட விஷயம் எப்போதும் நேற்று நடந்த மாதிரியே இருக்கும். மூன்று வருடத்துக்கு முந்திய களவைப் போன மாதம் என்பார்கள். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். வெள்ளவத்தையில் "போன ஆடிவேலுக்கு முன்னமா, பிறகா?" என்று கேட்பேன். அந்தத் திருவிழாவில் எங்கள் பெருந்தெருவான காலி வீதியால் தேர் வந்த நாளை இங்கே யாரும் மறப்பதில்லை. கொட்டாஞ்சேனையில் அந்தோனியார் திருநாளைச் சொல்லிக் கேட்பேன். உடனே விடை வரும். பிறகு என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு உள்ளே, முன்னம் என்றால் வெளியே.

என் அம்மாவின் சங்கிலியை அறுத்தது போன ஆடிவேல் கழிந்து கொஞ்ச நாளில்.

சந்தைக்குப் போய் வல்லாரையும் மரவள்ளிக்கிழங்கும் வாங்கிக்கொண்டு, எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தார். காலை நேரம், நல்ல வெயில். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் கையைப் போட்டு இழுத்திருக்கிறான். சங்கிலி ஒரே இழுப்பில் அறவில்லை. அம்மாவும் அதோடு இழுபட்டுக் கொஞ்சத் தூரம் போய், நடைபாதை விளிம்பில் இடுப்பு அடிபட விழுந்திருக்கிறார். தொடர்மாடிக் காவலாளி ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது அம்மா நிலத்தில் இருந்தபடி, சிதறிய கிழங்கைக் கைக்கு எட்டியமட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் நூல்போல ஒரு சிவப்புக் கோடு.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வலியோடு வலியாக என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"பாத்றூமிலை வழுக்கி விழுந்ததெண்டு சொல்லு பிள்ளை."

"ஏனம்மா?"

"சங்கிலிக் கதையை எடுத்தா ஆஸ்பத்திரிப் பொலிஸ் வரும். பிறகு வீட்டை வரும். எனக்கு ஏலாது."

அம்மாவுக்குப் பொலிஸ் என்றால் கதவைத் தட்டுகிற சத்தம்தான். யுத்த காலத்தில் எங்கள் வீட்டுக்குச் சோதனைக்கு வந்தவர்கள் என் அண்ணாவை ஓர் இரவு கூட்டிக்கொண்டு போய், அடுத்த நாள் விட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை, மரியாதையாகத்தான் நடத்தினார்கள் என்று அண்ணா சொன்னான். இப்போது அவன் கனடாவில் இருக்கிறான், அவனுக்குத் தலையும் நரைத்துவிட்டது. அம்மாதான் அந்த இரவிலிருந்து திரும்பி வரவில்லை.

விபத்துப் பிரிவில் தாதி எப்படி நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறக்க முந்தி அம்மாவே, தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில், குளியலறையில் விழுந்தேன் என்றார். கழுத்துக் கோட்டைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். என் கணவர் வந்ததும் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். "அம்மா சொன்னதையே சொல்லுவம். வயசு போன மனிசியை அலைக்கழிக்கேலாது," என்றார். அதுவும் நியாயம்தான்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா கட்டிலை விட்டு எழும்பவேயில்லை. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, மழை தொடங்கிய மாதத்தில் செத்துப்போனார். இறப்புச் சான்றிதழில் நுரையீரல் தொற்று என்று இருக்கிறது.

எனக்கு அழுகை வரவில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் "கெட்டிக்காரி, தாங்கிக்கொண்டு நிக்கிறா" என்றார்கள். தாங்குவதற்கு என்மேல் ஒன்றும் வந்து விழவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போதுமா என்று பார்த்தேன். கனத்தை மயானத்துக்குப் போய் வந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, அம்மாவின் படத்தைப் பெருப்பித்துக் கூடத்துச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, சின்னச் சிவப்பு பல்ப் ஒன்றும் வைத்தோம். அந்த பல்ப் எரிகிறதா என்று தினமும் பார்ப்பேன். எரியும். வேலைக்குப் போவேன்.

வேலையில் ஒரு விஷயம் மட்டும் என்னை விடாமல் சொறிந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு நடந்தது எந்தக் கணக்கிலும் இல்லை. பொலிசில் இல்லை, போகவில்லையே. ஆஸ்பத்திரியில் அது வழுக்கி விழுந்தது. சான்றிதழில் அது சளி. நாள் முழுவதும் குற்றங்களை எண்ணுகிற ஒருத்தியின் வீட்டில், குற்றமே நடக்கவில்லை. மிஞ்சியிருந்தது எங்கள் சர்வே ஒன்றுதான். அதிலும் ஒரு விதி குறுக்கே நின்றது.

அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பது நானேதான். இந்த வருடப் பயிற்சியில், கொட்டாஞ்சேனையிலிருந்து புதிதாக வந்த ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள். கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிற, சிரித்த முகமுள்ள பெண்.

"அக்கா, வீட்ட யாராவது செத்துப்போயிருந்தா, அவங்களுக்கு நடந்தத எங்க போடுறது?"

"போடேலாது," என்றேன். "இப்ப வீட்டிலை இருக்கிற ஆக்களுக்கு நடந்ததைத்தான் எடுக்கிறம். செத்தவை வீட்டிலை இல்லைத்தானே. அவை பதில் சொல்ல மாட்டினம். அதாலைதான் கொலையை எங்கடை முறையிலை அளக்கிறேல்லை. அது பொலிஸ் கணக்கிலை வரும்."

அவள் எழுதிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

வீடுகளைத் தெரிவுசெய்வது கணினி. ஆடி பிறக்கும் நேரம் வந்த பட்டியலில் எங்கள் தொடர்மாடியும் இருந்தது. தான் இருக்கிற கட்டடத்தைத் தானே செய்யக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. அதனால் அதைக் கொட்டாஞ்சேனைப் பிள்ளையிடம் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை காலை, என் கணவர் வெளியே போயிருந்த நேரம், அவளே என் கதவைத் தட்டினாள்.

"உங்கட வீடும் வந்திருக்கு அக்கா," என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

கதிரையில் இருந்துகொண்டு டெப்பைத் திறந்தாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே நிமிர்ந்து இருந்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே முதல் கேள்வியைக் கேட்டாள்.

"வீட்ட பெரியாக்கள் எத்தன பேர் இருக்கிறீங்க அக்கா?"

"மூண்டு பேர்," என்றேன்.

அது வாய் தவறி வந்ததில்லை. அம்மாவை இந்த முதல் கேள்வியிலேயே உள்ளே எடுத்துவிட்டால், பிறகு "வீட்டில் எவருக்காவது" என்ற கேள்வி வரும்போது ஓம் என்று சொல்லலாம். எங்காவது ஓரிடத்தில், பெயரில்லாமல், ஒரு எண்ணாகவாவது அம்மா விழுவார். ஆடிவேல் நெருங்கிக்கொண்டிருந்தது. அது கழிந்து கொஞ்ச நாள் போனால் அம்மாவின் நாள் பன்னிரண்டு மாதத்துக்கு வெளியே போய்விடும். இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை. மற்றவர்கள் இப்படிச் சொன்னால் அந்தப் பதிவையே வெட்டி எறிகிற ஆள் நான் என்பதும் தெரியும்.

மூன்று பேரும் யார், என்ன வயது என்று சொன்னேன். அவள் பதிந்தாள். அதன் பின் நடக்கப்போவதை நான் யோசிக்கவில்லை. ஊருக்கெல்லாம் அதைப் படிப்பிக்கிறவள் நான், அந்த நேரம் மறந்துபோனேன். வீட்டில் உள்ள பெரியவர்களில் யார் பதில் சொல்லவேண்டும் என்பதை டெப்தான் தெரிவுசெய்யும். கதவைத் திறந்தவர், கதைக்க விருப்பமுள்ளவர் என்று எடுத்தால் கணக்குச் சரிவராது. தெரிவானவருக்குப் பதிலாக வேறு ஒருவர் சொல்லவும் முடியாது.

டெப் ஒரு கணம் சுழன்று நின்றது.

"உங்கட அம்மாவத்தான் எடுத்திருக்கு அக்கா," என்றாள். "அவங்களோடதான் நான் கதைக்கணும். இருக்கிறாங்களா?"

கேட்டுக்கொண்டே நிமிர்ந்தாள். என் தலைக்கு மேலே சுவரில் மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாவின் படமும், மாலையும், எரிகிற பல்ப்பும். அவள் வீட்டிலும் மாதா படத்துக்கு முன்னால் அப்படியொன்று எரியும். ஆனால் மாதாவுக்கு மூக்குக்கண்ணாடி இல்லை. அவளுக்கு விளங்கிவிட்டது என்பதை அவள் விரல் நின்றதில் கண்டேன்.

அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். அலுவலகத்துக்கு அறிவிக்கலாம். அவள் இரண்டும் செய்யவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், ஆள் வீட்டில் இல்லாவிட்டால் கேட்கவேண்டும் என்று நான் படிப்பித்த கேள்வியைக் கேட்டாள்.

"எப்ப வந்தா அவங்களச் சந்திக்கலாம் அக்கா?"

"கோயிலுக்குப் போட்டா," என்றேன். "வர நேரமாகும்."

"சரி அக்கா. நான் திரும்ப வாறேன்."

வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். வேலைநாள் ஒன்றில் பின்னேரம் பெல் அடித்தது. கதவைத் திறந்தால், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா இருக்கிறாங்களா அக்கா?"

எவ்வளவோ மாதமாக அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வரேல்லை," என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். உள்ளே வந்து அம்மாவின் கட்டில் இருந்த அறையை எட்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டு உலையை வைத்தேன்.

மூன்றாவது தரம் வந்தபோது காலி வீதியில் ஆடிவேலுக்கு வளைவுகள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அன்று அவளை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடிந்ததும் டெப்பைத் திறந்தாள்.

"இனி வர ஏலாது அக்கா. மூணு தரம்தான் ரூல்."

"தெரியும். நான்தானே படிப்பிச்சனான்."

"சந்திக்கல்ல என்று போடட்டா?"

"போடும்."

போட்டாள். அனுப்பினாள். டெப்பை மூடிப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தாள். இதற்குப் பின் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். பதில் கிடைக்காத வீட்டைக் கணக்கு அப்படியே விட்டுவிடாது. அதைப்போன்ற அக்கம்பக்கத்து வீடுகளின் பதில்களுக்குக் கொஞ்சம் நிறை கூட்டி, ஒன்றை ஒன்றேகால் என்று எண்ணி, அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள். எங்கள் தொடர்மாடியில் எல்லாரும் "ஒண்டும் இல்லை" என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்காகவும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அவளோடு கதவடிவரை போனேன். லிஃப்ட்டின் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பி வந்து, ஒரு காலில் செருப்பைப் போட்டாள். மற்றக் காலை உயர்த்தியபடி நின்றாள்.

"அக்கா, கேக்கக் கூடாதுதான். அம்மாவுக்கு என்ன நடந்தது?"

செத்த வீட்டுக்கு வந்த அத்தனை பேரில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. விழுந்தது, படுத்தது, வயது என்று எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

"சந்தையாலை வரேக்கை சங்கிலியை அறுத்தவங்கள்," என்றேன். "இழுத்து விழுத்திப்போட்டுப் போட்டாங்கள். அந்த விழுகையோடைதான் அம்மா போனவ. பாத்றூமிலை விழேல்லை."

என் குரல் எனக்கே யாரோ வாசிப்பதுபோலக் கேட்டது. அவள் மற்றச் செருப்பையும் போட்டாள். பிறகு, பழக்கத்தில், கேட்டுவிட்டாள்:

"போன ஆடிவேலுக்கு முன்னமா, பிறகா?"

கேட்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பிறகு," என்றேன்.

"அப்ப உள்ளுக்குத்தான் அக்கா," என்றாள் மெதுவாக.

"ஓம். உள்ளுக்குத்தான்."

லிஃப்ட் வந்து திறந்தது. அவள் போகவில்லை. அது மூடிக்கொண்டு வெறுமையாகக் கீழே போயிற்று. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா செத்த பிறகு அழுதது அன்றுதான்.